காதுக்குள் திடீர் ரீங்காரம்: எது இயல்பு, எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

புது தில்லி: அமைதியாக அமர்ந்திருக்கும் வேளையில், எந்தக் காரணமும் இன்றி ஒரு காதில் மட்டும் 'கொய்ங்' என்ற மெல்லிய ஒலி எழுகிறது. அதே கணத்தில் அந்தக் காது அடைத்துக்கொண்டது போலத் தோன்றுகிறது. சில நொடிகளில் ஒலி தேய்ந்து மறைகிறது. காதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஏறத்தாழ எல்லோருக்கும் எப்போதாவது நேரும் இந்த அனுபவம் நோயன்று. இதற்குச் சிகிச்சையும் தேவையில்லை.

ஆனால் அந்த ஒலி நாள்கணக்கில் நீடித்தாலோ, நாடித்துடிப்போடு இணைந்து ஒலித்தாலோ, அதனுடன் கேட்கும் திறன் குறைந்தாலோ நிலைமை வேறு. அவற்றுள்ளும் ஒரு வகை, சளி பிடித்ததால் காது அடைத்திருக்கிறது என்று எண்ணி ஒரு வாரம் காத்திருந்தால் கேள்வித்திறனையே நிரந்தரமாக இழக்கச் செய்யக்கூடியது. எந்த ஒலியைப் பொருட்படுத்தாமல் விடலாம், எந்த ஒலிக்கு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை அறிந்திருப்பது இதனால்தான் அவசியமாகிறது.

வெளியிலிருந்து எந்த ஒலியும் வராத நிலையில் காதிலோ தலைக்குள்ளோ ஒலி கேட்பதை மருத்துவர்கள் 'டின்னிடஸ்' என்று அழைக்கின்றனர். மணியோசை எழுப்புதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தமிழில் காது இரைச்சல் என்பர். பெயர் மணியோசையைக் குறித்தாலும், எல்லோருக்கும் மணியோசையே கேட்பதில்லை. சிலருக்குச் சில்வண்டின் ரீங்காரம், சிலருக்குப் பிரஷர் குக்கரின் நீராவி சீறுவது போன்ற ஓசை, வேறு சிலருக்குக் கடல் இரைச்சல் அல்லது மின்மாற்றியின் முனகல் எனப் பல வடிவங்களில் அது அமைகிறது.

நொடிகளில் மறையும் ஒலி

ஒரு காதில் திடீரெனத் தோன்றி, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே தேய்ந்து மறையும் ஒலிக்கு இடமோ நேரமோ கிடையாது. அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருக்கும்போதும் வரலாம். உணவு உண்ணும்போதும் வரலாம். உட்செவியில் உள்ள நுண்ணிய செல்களின் செயல்பாட்டில் கணநேரம் நிகழும் மாற்றமே இதற்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. கேட்கும் திறன் இயல்பாக உள்ள இளைஞர்களுக்கும் இது நேர்வதால், இதனை வரவிருக்கும் செவிட்டுத்தன்மையின் முன்னறிவிப்பாக எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று தமிழ்நாட்டில் சொல்லப்படுவதைப் போல, காது ஒலித்தால் யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் மூத்த பிளினியே அதனைத் தமது இயற்கை வரலாறு நூலில் குறித்து வைத்திருக்கிறார்.

வேறொரு வகை ஒலி, சுற்றுப்புறம் அமைதியாகும்போது மட்டும் புலப்படுவது. நள்ளிரவில் மின்சாரம் தடைபட்டு மின்விசிறி நின்றவுடன், அதுவரை இல்லாத ஒரு சன்னமான ரீங்காரம் காதில் கேட்கத் தொடங்கும். அது புதிதாக முளைத்த ஒலியன்று. மின்விசிறியின் ஓசைக்குக் கீழே முன்பே இருந்ததுதான். அமெரிக்க ஆய்வாளர்களான ஹெல்லர், பெர்க்மன் ஆகிய இருவரும் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. கேட்கும் திறனில் குறை இல்லாத 80 பேரை அவர்கள் ஒலிபுகா அறையில் ஒவ்வொருவராக அமரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். அறையில் எந்த ஒலியும் எழுப்பப்படவில்லை. எனினும் அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகக் குறிப்பிட்டனர். முழு அமைதியில் மனிதச் செவி வெறுமையாக இருப்பதில்லை என்பதே இதன் பொருள்.

ஒலி எங்கிருந்து வருகிறது?

உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்பினுள், ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்கள் உள்ளன. ஒலி அலைகளால் இவற்றின் உச்சியிலுள்ள மயிரிழைகள் அசைய, அந்த அசைவு மின்சைகையாக மாறி நரம்பின் வழியே மூளையை அடைகிறது. தோலில் ஏற்படும் காயம் ஆறுவதைப் போல இந்தச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. பறவைகளுக்கு அவை மறுபடியும் தோன்றுகின்றன. மனிதர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிறக்கும்போது இருந்தவை மட்டுமே ஆயுள் முழுமைக்கும்.

முதுமையாலோ பேரொலியாலோ இந்தச் செல்களில் ஒரு பகுதி அழியும்போது, அந்தப் பகுதியிலிருந்து மூளைக்குச் செல்ல வேண்டிய சைகை குறைந்துவிடுகிறது. குறைந்ததை ஈடுசெய்ய மூளை தனது உணர்திறனை உயர்த்திக்கொள்கிறது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். நிலையம் சரியாகக் கிடைக்காத வானொலியில் ஒலியளவைக் கூட்டினால் பாடலுக்குப் பதிலாக இரைச்சலே மிகுதியாகக் கேட்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆகவே இரைச்சல் காதில் கேட்பதாகத் தோன்றினாலும், நீடித்த இரைச்சலில் பெரும்பங்கு மூளையின் செவிப்புலப் பகுதிகளில் உருவாவதே. காதுக்குள் சொட்டு மருந்து விடுவதால் இத்தகைய இரைச்சல் நீங்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

இந்தத் தொல்லை எவ்வளவு பரவலானது என்பதை 'ஜாமா நியூராலஜி' மருத்துவ இதழில் 2022ஆம் ஆண்டு வெளியான ஒருங்கிணைந்த பகுப்பாய்வு மதிப்பிட்டது. அதன்படி உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர், அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டோர், ஏதேனும் ஓர் அளவில் காது இரைச்சலை உணர்கின்றனர். அவர்களுள் 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அது கடுமையான தொல்லையாக இருக்கிறது. இந்த இரு எண்களுக்கும் இடையிலான இடைவெளி கவனிக்கத்தக்கது. இரைச்சல் கேட்பவர்களில் பெரும்பாலோர் அதனுடன் இயல்பாகவே வாழ்ந்துவிடுகின்றனர்.

பட்டாசும் ஒலிபெருக்கியும்

திருமண ஊர்வலத்தில் ஒலிபெருக்கிக்கு அருகில் நடந்துவிட்டு வீடு திரும்பியபின் காது மந்தமாகி, இரவு முழுவதும் இரைச்சல் கேட்பது பலர் அறிந்த அனுபவம். வழக்கமாக அது ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்கியது என்பதாலேயே பாதிப்பு ஏதும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க விஞ்ஞானிகள் குஜாவா, லிபர்மன் ஆகியோர் 2009ஆம் ஆண்டு எலிகளிடம் நடத்திய ஆய்வில், பேரொலிக்குப் பின் கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பிய போதிலும், செல்களையும் நரம்பையும் இணைக்கும் புள்ளிகளில் பல நிரந்தரமாக அழிந்திருந்தது தெரியவந்தது. ஒவ்வொரு திருவிழாவுக்குப் பின்னரும் காது இரைகிறது என்றால், அதனை வழக்கமானது என்று ஒதுக்குவது சரியன்று.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் உச்ச வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. பட்டாசுகளைப் பொறுத்தவரை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலி எழுப்புபவற்றைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. இந்த வரம்பு 4 மீட்டர் தொலைவுக்கானது என்பதை மறந்துவிடலாகாது. கைக்கெட்டும் தூரத்தில் வெடிக்கும் ஒரு பட்டாசு அதைவிடப் பலமடங்கு அழுத்தத்துடன் காதைத் தாக்கும். ஒரே வெடியால்கூட நிரந்தர இரைச்சல் தொடங்கிவிடலாம். விதிகள் ஏட்டில் இருக்கும் அளவுக்குத் தெருவில் இல்லை என்பதைத் தீபாவளிக்கு மறுநாள் எந்தக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

இயர்போன் பயன்படுத்துவோருக்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவைப் பரிந்துரைக்கிறது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலியளவு 90 டெசிபலாக உயர்ந்தால் பாதுகாப்பான நேரம் வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. கைப்பேசியின் ஒலியளவை 60 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்வது எளிய வழி. பேருந்திலும் புறநகர் ரயிலிலும் வெளி இரைச்சலை மிஞ்சுவதற்காக ஒலியைக் கூட்டுவதே பெரும்பாலானோர் செய்யும் தவறு.

தறிக்கூடம், உலோகப் பட்டறை, கல் உடைக்கும் ஆலை ஆகியவற்றில் பணிபுரிவோருக்கு இரைச்சல் என்பது விருப்பத் தேர்வன்று. பேரொலியால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோயாகும். பணி முடிந்து வெளியே வந்த பின்பும் காது இரைந்துகொண்டே இருந்தால், அந்தத் தொழிலாளி செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வதோடு, காதுக் காப்புக் கருவியையும் நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.

எளிய காரணங்களும் வீட்டு வைத்தியமும்

எல்லா இரைச்சலும் நரம்பிலிருந்து வருவதில்லை. காதில் குறும்பி இறுகி அடைத்துக்கொண்டால் வெளி ஒலி குறைந்து உள் ஒலி மிகுதியாகத் தெரியும். மருத்துவர் அதனை அகற்றிய சில நிமிடங்களில் இரைச்சல் நின்றுவிடுவதுண்டு. பஞ்சுக் குச்சியால் தாமே எடுக்க முயல்வோர் பெரும்பாலும் குறும்பியை மேலும் உள்ளே தள்ளிவிடுகின்றனர். தில்லி, மும்பை போன்ற நகரங்களின் நடைபாதைகளில் ஊசியும் இடுக்கியும் கொண்டு காது சுத்தம் செய்யும் தொழிலாளர்களை இன்றும் காண முடிகிறது. அவர்களது கைத்திறன் எப்படியிருந்தாலும், செவிப்பறை வரை பார்க்கும் விளக்கோ கிருமி நீக்கப்பட்ட கருவியோ அவர்களிடம் இல்லை.

காதில் எண்ணெய் காய்ச்சி விடுவதும் அத்தகையதே. வடக்கே கடுகெண்ணெய், தெற்கே நல்லெண்ணெய். பூண்டு சேர்ப்பது இரு பக்கமும் உண்டு. செவிப்பறையில் துளை இருந்தால், அந்த எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கித் தொற்றை வளர்க்கும். துளை இருக்கிறதா இல்லையா என்பதைக் காதைப் பார்க்காமல் வீட்டில் யாரும் அறிய இயலாது. சிறு வயதிலிருந்து காதில் சீழ் வடியும் பழக்கம் உள்ளவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் காதில் 'டக்' என்று கேட்பது, நடுச்செவியையும் தொண்டையின் பின்பகுதியையும் இணைக்கும் குழல் திறந்து மூடும் ஓசை. சளி பிடித்திருக்கும்போதும் விமானம் தரையிறங்கும்போதும் இது மிகுதியாகக் கேட்கும், தீங்கற்றது. மெல்லும்போது தாடை மூட்டிலிருந்து எழும் சத்தமும் காதிலிருந்து வருவதாகவே தோன்றும். இரவில் பற்களை நறநறவெனக் கடிப்போருக்குக் காலையில் காது இரைவதுண்டு. இவர்கள் பல் மருத்துவரை அணுகுவது பயன் தரலாம்.

உட்கொள்ளும் மருந்தும் காரணமாக இருக்கக்கூடும். அதிக அளவு ஆஸ்பிரின், மலேரியாவுக்குத் தரப்படும் குயினைன், நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு, புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை இரைச்சலை உண்டாக்க வல்லவை. இதயநோயாளிகள் நாள்தோறும் உட்கொள்ளும் குறைந்த அளவு ஆஸ்பிரின் பொதுவாக இந்தத் தொல்லையைத் தருவதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் ஆகிய ஊசி மருந்துகள் நுண்மயிர் செல்களை நேரடியாக அழிக்கக்கூடியவை. காசநோய் சிகிச்சையில் இத்தகைய ஊசிகளின் பயன்பாடு அண்மை ஆண்டுகளில் குறைந்து, மாத்திரைகளே முதன்மை பெற்றிருப்பதற்கு இந்தப் பக்கவிளைவும் ஒரு காரணம். சிகிச்சையின் நடுவே காது இரையத் தொடங்கினால் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், அதே நாளில் சிகிச்சை தரும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

காலையில் எழும்போது ஒரு காது அடைத்திருக்கிறது. அதில் இரைச்சல் கேட்கிறது. கைப்பேசியை அந்தக் காதில் வைத்தால் பேச்சு விளங்கவில்லை. இந்த நிலையில்தான் பலர் சளி என்றும் குறும்பி என்றும் எண்ணி நாள்களைக் கடத்துகின்றனர். உண்மையில் அது திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பாக இருக்கலாம். மூன்று நாள்களுக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளிலாவது 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் கேள்வித்திறன் குறைவதை மருத்துவர்கள் இவ்வாறு வரையறுக்கின்றனர். பெரும்பாலான நேர்வுகளில் காரணம் கண்டறியப்படுவதில்லை. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் இயன்றவரை முதல் சில நாள்களில் தொடங்கினால் இழந்த திறன் திரும்ப வாய்ப்பு கூடுதல் எனக் கருதப்படுகிறது. எல்லோருக்கும் திரும்பிவிடும் என்ற உறுதி இல்லை. ஆனால் ஒரு மாதம் கழித்துச் செல்வோருக்கு வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அடைப்பா, நரம்புப் பாதிப்பா என்பதை ஓரளவு ஊகிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். அடைத்துள்ள காதிலேயே அந்த ஒலி பெரிதாகக் கேட்டால், குறும்பி அல்லது சளி காரணமாக இருக்கலாம். மாறாக, நன்றாக இருக்கும் காதின் பக்கம் ஒலி ஒதுங்கிக் கேட்டால் நரம்புப் பாதிப்பு என ஐயுற வேண்டும். மருத்துவர்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையின் அடிப்படையும் இதுவே. வீட்டில் செய்யும் இந்தச் சோதனை மருத்துவரைக் காண்பதற்கு மாற்றாகாது. முடிவு எப்படியிருந்தாலும், திடீரெனக் கேள்வித்திறன் குறைந்தவர் அன்றோ மறுநாளோ காது மருத்துவரை அடைந்துவிட வேண்டும்.

இரண்டாவது, நாடியோடு சேர்ந்து ஒலிக்கும் இரைச்சல். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்த்தால், காதில் கேட்கும் 'டப் டப்' ஓசையும் அதுவும் ஒன்றாக இருக்கும். ஓடி வந்தபின் அல்லது தலையணையில் காதை அழுத்திப் படுக்கும்போது சிறிது நேரம் அவ்வாறு கேட்பது இயல்பு. ஓய்விலும் தொடர்ந்து கேட்டால் காரணம் தேட வேண்டும். இரத்தசோகை, தைராய்டு மிகைப்பு, கர்ப்பகாலம் ஆகியவற்றில் இரத்த ஓட்டத்தின் வேகம் கூடுவதால் இது நேரலாம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே நாடி இரைச்சலோடு வரும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை முதற்கட்டத்திலேயே செய்யப்படுவது பொருத்தமானது. அரிதாக, கழுத்து அல்லது தலையின் இரத்தக்குழாய்களில் குறுக்கமோ முறையற்ற இணைப்போ, நடுச்செவியில் கட்டியோ இருக்கக்கூடும். நாடி இரைச்சலுடன் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால், மூளையைச் சூழ்ந்த திரவத்தின் அழுத்தம் கூடியிருக்க வாய்ப்புண்டு. பார்வையைக் காக்க அதற்கு விரைந்த சிகிச்சை தேவை.

ஒரு காதில் மட்டும் வாரக்கணக்கில் நீடிக்கும் இரைச்சலும் பரிசோதிக்கப்பட வேண்டியதே. பெரும்பாலும் அதற்கு எளிய காரணமே இருக்கும். எனினும் செவி நரம்பின் உறையில் மெதுவாக வளரும் புற்றல்லாத கட்டியின் முதல் அடையாளம், ஒரு பக்க இரைச்சலும் அதே பக்கக் கேள்வித்திறன் குறைவுமாகத்தான் பெரிதும் வெளிப்படுகிறது. இரைச்சலோடு அறையே சுழல்வது போன்ற தலைசுற்றல் மணிக்கணக்கில் வந்து போனால் மெனியர் நோயாக இருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியர் 1861ஆம் ஆண்டு முதலில் விவரித்த நோய் இது.

இவை தவிர, இரைச்சலுடன் முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை ஏற்பட்டாலோ, தலையில் அடிபட்ட பின் இரைச்சல் தொடங்கினாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும். அங்கே காது மருத்துவரின் முறைக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

முதலில் விளக்குக் கருவியால் காதுக்குள் பார்ப்பார்கள். பின்னர் இசைக்கவைச் சோதனை. அடுத்து ஒலிபுகா அறையில் செவித்திறன் பரிசோதனை நடக்கும்; அதன் வரைபடமே ஆடியோகிராம். இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவை தேவைக்கேற்பப் பார்க்கப்படும். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. இரைச்சல் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தாலோ, நாடியோடு ஒலித்தாலோ, இரு காதுகளின் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தாலோதான் அதனைப் பரிந்துரைப்பது முறை. இரு காதுகளிலும் சமமாக இரையும் ஒருவருக்கு, செவித்திறனைச் சோதிக்காமலேயே ஸ்கேன் எழுதித் தரப்பட்டால் அதன் காரணத்தைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

இரைச்சல் எப்போது தொடங்கியது, எந்தக் காதில், தொடர்ந்தா விட்டுவிட்டா, உட்கொள்ளும் மருந்துகள் எவை, பணியிடத்தில் பேரொலி உண்டா என்பனவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்வது நல்லது. கூட்டம் மிகுந்த புறநோயாளிகள் பிரிவில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களை அந்தத் தாள் மிச்சப்படுத்தும்.

செவித்திறன் பரிசோதனை வசதி மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பரவலாகக் கிடைக்கிறது. மைசூருவில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம், மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் ஆகியவை இத்துறைக்கென்றே இயங்கும் மத்திய அரசு அமைப்புகள். வருவாய் குறைந்தோர் காது கேட்கும் கருவி பெறுவதற்கு மத்திய அரசின் 'அடிப்' திட்டம் உதவுகிறது.

மாத்திரை இல்லை, ஆனால் வழி உண்டு

நீடித்த இரைச்சலை முற்றிலும் நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. இதைச் சொல்லத் தயங்குவதால்தான் விளம்பரங்கள் இடம் பிடிக்கின்றன. ஜின்கோ இலைச் சாறு, துத்தநாக மாத்திரை, மெலடோனின் ஆகியவற்றை இரைச்சலுக்கெனப் பரிந்துரைக்க வேண்டாம் என அமெரிக்கக் காது மருத்துவர்கள் அமைப்பின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலே கூறியிருக்கிறது. 'ஒரே வாரத்தில் குணம்' எனச் சமூக ஊடகங்களில் விற்கப்படும் சொட்டு மருந்துகளுக்கும் ஆதாரம் இல்லை.

கேள்வித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவி இரட்டைப் பயன் தருகிறது. வெளி ஒலி மீண்டும் மூளையை எட்டும்போது உள் ஒலி பின்வாங்குகிறது. முதியவர்களில் பலர் இதனை அணியத் தயங்கி, இரைச்சலையும் தனிமையையும் சேர்த்துச் சுமக்கின்றனர். இரவில் முழு அமைதியைத் தவிர்த்து, மின்விசிறி ஓசையோ மழைச் சத்தப் பதிவோ மெல்ல ஒலிக்கவிடுவது உறக்கத்துக்கு உதவும். அந்த ஒலி இரைச்சலை அமிழ்த்தும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அதற்குச் சற்றுக் கீழே இருந்தாலே போதும்.

இரைச்சலால் ஏற்படும் மனத் துயரைக் குறைப்பதில் வலுவான ஆதாரம் பெற்றிருப்பது அறிதல் நடத்தை சிகிச்சை என்னும் உளவியல் முறை. அது ஒலியின் அளவைக் குறைப்பதில்லை. ஒலியை ஆபத்தின் அடையாளமாகக் கருதும் பழக்கத்தை மாற்றுகிறது. நாளடைவில் சுவர்க் கடிகாரத்தின் ஓசையைப் போல அது கவனத்திலிருந்து விலகிவிடுகிறது. உளவியல் ஆலோசனை என்றதும், இது வெறும் மனப்பிரமை என்று மருத்துவர் சொல்கிறாரோ எனப் புண்படுவோர் உண்டு. இரைச்சல் உண்மையானதே, அதை மூளை எவ்வாறு ஏற்கிறது என்பதே சிகிச்சையின் இலக்கு.

செக் இசையமைப்பாளர் பெட்ரிச் ஸ்மெத்தனா 1874இல் கேட்கும் திறனை இழந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய நால்வர் இசைப் படைப்பின் இறுதிப் பகுதியில் வயலின் திடீரென ஓர் உச்சசுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. அது அவரது காதில் ஓயாமல் ஒலித்த ஓசை. தாம் மட்டும் கேட்ட ஒன்றைப் பிறருக்குக் கேட்கச் செய்ய அவரிடம் இசை இருந்தது. பெரும்பாலோரிடம் அது இல்லை. சுற்றியிருப்போர் நம்பவில்லை என்பதே அவர்களின் பெருங்குறை. இரைச்சலால் உறக்கம் கெட்டு, வாழ்வில் பிடிப்பற்ற எண்ணம் தலைதூக்கினால் தாமதமின்றி உதவி பெற வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

சிறுவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. பிறவியிலிருந்தோ மிக இளம் வயதிலிருந்தோ இரைச்சலைக் கேட்டுவரும் குழந்தை, எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று எண்ணி அதைப் பற்றிச் சொல்வதே இல்லை. வகுப்பில் கவனம் சிதறுவது, இருட்டும் அமைதியும் கண்டு உறங்க மறுப்பது, அடிக்கடி காதைப் பொத்திக்கொள்வது ஆகியவை தென்பட்டால், அதட்டுவதற்கு முன் காதுக்குள் ஏதேனும் சத்தம் கேட்கிறதா என்று பெற்றோர் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.